போர்வையின் நாலு மூலையும் நான் வைத்த மஞ்சளும்

யாழ்ப்பாணப் பட்டினத்தில், சந்தைக்குப் பின்னால், மாரி வந்தால் கணுக்கால் நனையாமல் நடக்க முடியாத ஒரு ஒழுங்கையில் ஒரு தையல் கடை இருக்கிறது. அதைத் தொடங்கியவன் நான். ஐம்பத்தாறாம் ஆண்டு தொடங்கியபோது அது சில தகரங்களும் ஒரு பழைய மெஷினும்தான். இந்த ஒழுங்கைக்குள் யார் வந்து சட்டை தைப்பார்கள் என்று சிரித்தவர்களின் மகன்மாருக்கெல்லாம் பிறகு கலியாணச் சட்டை தைத்ததும் நான்தான். கடற்கரைப் பக்கத்தில் உவர் பூத்த ஒரு துண்டு நிலத்தை வாங்கி, வண்டில் வண்டிலாக மண் கொட்டி உயர்த்தி, கல்வீடு கட்டினேன். அங்கே நல்ல தண்ணீர் வராது என்றார்கள். வெட்டினேன், வந்தது. என் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும். சந்தேகம் உள்ளவர்கள் பருப்போடு வரலாம். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பீடத்துக்கு விரிக்கும் வெள்ளைத் துணியின் ஓரம் என் கைத்தையல். சுவாமியாரின் அங்கி தோளில் இழுக்கிறது என்று பட்டினத்துப் பெரிய தையற்காரர்கள் கைவிட்ட பிறகு, அதைப் பிரித்துச் சரிப்படுத்தியவனும் நான்.

இவ்வளவையும் செய்தவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதனால் இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சட்டையின் பிழையை நான் அவர்களுக்கு எத்தனை தடவை திருத்திக் கொடுத்திருப்பேன்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஊரில் என் பேரைச் சொல்வார்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொல்வதில்லை. அது ஒரு போர்வை. எங்கள் கோயில் திருவிழாவின்போது மாதர் சபையினர் அதை மண்டபத்தில் விரித்து வைப்பார்கள். வெள்ளைத் துணியில் ஒரு தோட்டமே தைத்திருக்கும். நாலு மூலையிலும் நடுவிலும் சிவப்பு நூலால் ஐந்து பொட்டு. ஆண்டவருடைய ஐந்து திருக்காயங்களைப் பக்தியோடு தைத்தவர் என்று என் மனைவியைச் சொல்லுவார்கள். கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் ஒரு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தப் போர்வை எப்படி உண்டானது என்று தெரிந்து இப்போது உயிரோடு இருக்கும் இரண்டு பேரில் ஒருவன் நான். மற்றவள் என் மனைவி. அவள் கதைக்கமாட்டாள். ஆகவே நான் சொல்கிறேன்.

நான் பிறந்தது சண்டிலிப்பாயில், சைவ சமயக் குடும்பத்தில். செம்மண் தோட்டம், புகையிலையும் மரக்கறியும். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு என்னை வளர்த்தது அக்கா. தோட்டம் எனக்குச் சரிவரவில்லை. பட்டினத்துக்கு வந்து ஒரு தையல் கடையில் ஒட்டிக்கொண்டேன். பிறகு நானே கடை வைத்தேன். அதற்கெல்லாம் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் கோழி அடித்தார்.

கடைக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுக்க ஒரு பெண் வருவாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். கத்தோலிக்கர்கள். அவள் தைத்த துளைக்குள் பொத்தான் போகும்போது தடக்கவே தடக்காது. எனக்கு அது போதுமாக இருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"வேதக்காரியோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம்."

"கரைப் பக்கமோ?"

"ஓம்."

"அப்ப இந்தப் படலையைச் சாத்திக்கொண்டு போ. திரும்பித் திறக்காதை."

படலை என்றால் எங்கள் வளவின், வீடும் தோட்டமும் சேர்ந்த காணியின், வாசல். பனை மட்டையால் கட்டிய அதை எத்தனையோ தடவை நான்தான் புதுப்பித்துக் கட்டியிருக்கிறேன். அதைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

கலியாணத்துக்கு முன் கோயிலில் என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். தலையைத் துடைத்துக்கொண்டு பின்னேரமே கடையைத் திறந்தேன். வேதத்துக்கு வந்துவிட்டேன் என்று சொன்னார்கள். நான் எங்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் கடைசி வாங்கு இருக்கைக்குப் பின்னால் நின்று, முன்னால் நிற்பவர்களுடைய சட்டையின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாருக்குத் தோள் கோணல், யாருடைய சட்டை பக்கத்துக் கடையில் தைத்தது என்று பார்ப்பதில் பூசை முடிந்துவிடும். நான் நம்பியது என் இரண்டு கைகளையும்தான். அவை என்னைக் கைவிட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒரு தை மாதக் கடைசியில், எங்கள் ஊரிலிருந்து சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் அண்ணை ஒருவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ஊர் வாயெல்லாம் அவரிடம்தான் இருக்கும்.

"தம்பி, உன்ரை கொக்கா படுக்கையிலை."

"அக்காவுக்கு என்ன?"

"நெஞ்சிலை சளி கட்டிப்போச்சு. பனி வேறை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு பிடிவாதம். அந்த மனிசியின்ரை குணம் உனக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியாமல் வேறை ஆருக்குத் தெரியும்?"

"அப்ப வந்து பாரன். செத்த பிறகு வந்து கத்திறதிலை என்ன இருக்கு?"

அவர் அப்படித்தான். கத்தரிக்காயை நிறுக்கிறமாதிரி வார்த்தையையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "பட்டினத்திலை நல்ல கம்பளி ஒண்டு வாங்கிக் குடுத்து விடுவம்" என்றேன்.

"அது போன வழியே திரும்பி வரும்" என்றாள்.

"என்ரை காசுக்கு வாங்கினது எண்டு தெரிஞ்சால் எடுப்பா."

"உங்கடை காசு எண்டு தெரிஞ்சால்தான் எடுக்கமாட்டா."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப என்னதான் செய்யச் சொல்லுறாய்?"

"நான் ஒண்டு தைக்கிறன். மச்சாளின்ரை வளவையே தைச்சு அனுப்புறன். தன்ரை வளவை ஆர் திருப்பி அனுப்புவினம்?"

அவள் அந்த வளவுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அந்த ஊருக்கே போனதில்லை. ஆனால் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் நான் ஊர்க் கதை சொல்லாத நாளில்லை. என் வாயிலிருந்துதான் அவளுக்கு அந்த வளவு தெரியும். இதையும் சபையினர் குறித்துக்கொள்ளலாம்.

கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகள் சாக்கு நிறையக் கிடந்தன. அவளுக்கு முன்னால் கொட்டினேன். போர்வைக்கு அடித்துணியாகப் புது வெள்ளைத் துணி கொடுத்தேன். இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவில் பழஞ்சேலையை மடித்து வைத்து, அதன்மேல் துண்டுகளைப் பொருத்தித் தைக்கத் தொடங்கினாள். வாய் செபமாலை சொல்லும். கை தைக்கும். ஒவ்வொரு மணிக்கும் இடையில் என்னிடம் ஒரு கேள்வி.

"மண் எவ்வளவு சிவப்பு?"

"அளவெட்டிப் பக்கத்து மண்ணைவிடச் சிவப்பு."

"அளவெட்டியும் நான் பாக்கேல்லை. உதிலை எடுத்துக் காட்டுங்கோ."

ஒரு ரவிக்கைத் துண்டைக் காட்டினேன். அது மண்ணானது. பள்ளிக்கூடப் பெட்டைகளின் பச்சைத் துணி புகையிலையானது. வேலியில் பூவரசம் பூவுக்கு மஞ்சள் பட்டு. வேலிக்குள் புகுந்து நடக்கிற செண்பகப் பறவைக்குக் கறுப்பும், செட்டைக்கு ஒரு தவிட்டு நிறத் துண்டும். கிணற்றையும் துலாவையும் சரி நடுவில் வைத்தாள். கிணற்றுக்குள் தண்ணீருக்கு நீலம் வைப்பாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை. அடித்துணியின் வெள்ளையை அப்படியே வட்டமாக விட்டாள்.

"விடியப்புறம் கிணத்தை எட்டிப் பாத்தால் தண்ணி வெள்ளையாய்த்தானே தெரியும்" என்றாள். சரிதான். ஆயிரம் தடவை எட்டிப் பார்த்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் கேட்டாள். "புகையிலைப் பூ என்ன நிறம்?"

"பூவோ? பூ வர விட்டால் இலை தடிக்காது. முகை வந்த உடனை கிள்ளி எறியிறதுதான் வேலை."

"கிள்ளுறதுக்கு முந்தி என்ன நிறம்?"

எனக்குத் தெரியவில்லை. புகையிலைக்குள் பிறந்து வளர்ந்தவன், எத்தனை ஆயிரம் முகையைக் கிள்ளியிருப்பேன்! நிறம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லுகிற பழக்கமும் எனக்கு இல்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

விடிய எழும்பிச் சைக்கிளில் அளவெட்டிப் பக்கம் போனேன். விதைக்கென்று சில கன்றுகளைக் கிள்ளாமல் வரம்போரத்தில் விட்டிருப்பார்கள். அப்படி ஒன்றைக் கண்டு இறங்கினேன். பனி இன்னும் போகவில்லை. கன்று என் தோளுயரம் நின்றது. உச்சியில் கொத்தாகப் பூ. குழந்தையின் காதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தால் ஒரு ரோசா நிறம் தெரியுமே, அந்த நிறம். ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு துளி பனி. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

தோட்டக்காரர் மண்வெட்டியோடு வந்தார். "என்ன தம்பி, தோட்டத்தை விலைக்குக் கேக்க வந்தனியோ?"

"இல்லை அண்ணை. பூப் பாக்க வந்தனான்."

"புகையிலையிலை பூப் பாக்கவோ?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டிலை ஆக்களுக்குத் தெரியுமோ நீ வெளிக்கிட்டது?"

ஒரு பூவைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். துண்டுத் துணிச் சாக்கைக் கவிழ்த்து, அந்தப் பூவை ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு குழந்தைச் சட்டையில் மிஞ்சிய துண்டை எடுத்துக் கொடுத்தவன் நான். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

மனைவி வாடிப்போன பூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிள்ளி எறியப் போறாங்கள் எண்டு தெரிஞ்சும் ஆண்டவர் இவ்வளவு வடிவாய்ச் செய்து வைச்சிருக்கிறார், பாத்தியளே?"

நான் ஒரு சட்டையை அளவாகத் தைத்தால் அது போடுகிறவனுக்காக. போட ஆளில்லாத சட்டையை நான் தைத்ததில்லை.

வேலை முடியும் தறுவாயில் பார்த்தேன். சிலுவை ஒன்றும் இல்லை. "ஒரு மூலையிலையாவது சின்னதாய் ஒரு சிலுவை வையன். உன்ரை ஆக்கள் கேப்பினம்" என்றேன்.

"சிலுவை இருந்தால் மச்சாள் தொடமாட்டா. அவ குளிரிலை கிடக்கிறா. முதலிலை போர்த்தட்டும்." நூலைக் கடித்து அறுத்தாள். "மண்ணும் பூவும் அவர் செய்ததுதானே? அவர் தன்ரை பேரை எழுதிவிட்டோ செய்தவர்?"

எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. செய்தவன் பேர் தெரியத்தான் வேண்டும் என்பது என் கொள்கை. இன்றைக்கும் அதுதான்.

போர்வையைத் தாளில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு காலையில் வெளிக்கிட்டேன். சண்டிலிப்பாய்ச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் இறங்கினேன். உண்மையைச் சொன்னால், தேத்தண்ணிக்காக இல்லை. படலை கிட்ட வர வர மிதிக்கக் கால் வரவில்லை. அங்கே மரக்கறிக்கார அண்ணை இருந்தார்.

"என்ன மூட்டை?"

"அக்காவுக்குப் போர்வை. வீட்டிலை தைச்சது."

கேட்காமலே தாளின் ஒரு பக்கத்தை விரித்துப் பார்த்தார். ஓரம் முழுக்கப் புது வெள்ளை. அவருடைய முகம் மாறியது.

"டேய், உயிரோடை கிடக்கிற மனிசிக்குக் கோடி கொண்டு போறியோ?"

தாளைச் சட்டென்று இழுத்து மூடினேன். எங்கள் ஆட்களில், புதுத் துணியென்றால் மூலையில் கொஞ்சம் மஞ்சள் தொட்டு வைக்காமல் யாரும் உடம்பில் படவிடமாட்டார்கள். மஞ்சள் படாத புது வெள்ளைத் துணி ஒன்றுக்குத்தான். அது செத்தவர்களுக்குப் போர்த்துகிற கோடி. என் மனைவியின் வீட்டில் புதுத் துணிக்குச் சிலுவை அடையாளம் போடுவார்கள். மஞ்சள் வழக்கம் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் பூவையும் நிறத்தையும் பார்த்த கண்ணுக்கு வெள்ளை தெரியாமல் போய்விட்டது. தள்ளி வைத்த தம்பியின் வேதக்காரப் பெண்சாதி, படுக்கையில் கிடக்கிற அக்காவுக்குக் கோடி அனுப்பினாள் என்று ஊர் முழுக்கக் கதை போயிருக்கும். அந்தப் படலை பிறகு எங்கள் பிள்ளை குட்டிக்கும் திறந்திராது.

"திருப்பிக் கொண்டு போ" என்றார் அண்ணை.

"உதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். கடைக்காரரிடம் ஒரு துண்டு மஞ்சள் வாங்கி, கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தேன். வழக்கத்துக்கு ஒரு மூலை போதும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. நாலு மூலைக்கும் வைத்தேன். விரலில் இன்னும் மஞ்சள் இருந்தது. போர்வையை மடிக்கப் போன கை, நடுவில் கிணற்றுத் தண்ணீரின் வெள்ளையில் ஐந்தாவதாக ஒன்றை வைத்தது.

"கிணத்துக்கும் மஞ்சளோ?" என்று அண்ணை சிரித்தார்.

"உன்ரை தேத்தண்ணியைக் குடி அண்ணை" என்றேன்.

படலையை அக்காவின் மகள் திறந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் தாயைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா விறாந்தையில் கட்டிலில் கிடந்தார். நெஞ்சு இழுக்கிற சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது. என்னைக் கண்டும் காணாததுபோல மகளோடு கதைத்தார்.

"ஆர் பிள்ளை வந்திருக்கிறது?"

"மாமா, அம்மா."

"எந்த மாமா? எனக்குத் தெரிய உனக்கு மாமா ஒருத்தரும் இல்லை."

"அக்கா, நான்..." என்றேன்.

"வந்தவரை வெய்யில் ஏறமுந்திப் போகச் சொல்லு."

நான் போகவில்லை. தாளைப் பிரித்துப் போர்வையைக் கட்டிலின் கால்மாட்டில் விரித்தேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மருமகள் முறையான அந்தப் பிள்ளைதான் குனிந்து பார்த்தாள். "அம்மா, எங்கடை கிணறு! இஞ்சை பாருங்கோ, துலாவும் கிடக்கு. உதிலை செண்பகம்!"

அக்கா திரும்பினார். கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். பூவின் மேல் விரலை வைத்தார். "உந்தப் பூவை ஆர் கண்டது?" என்று மகளிடமே கேட்டார். "அம்மாவுக்குப் புகையிலைப் பூ எண்டால் உயிர். ஐயாவுக்குத் தெரியாமல் ஒரு கண்டைக் கிள்ளாமல் விடுவா."

எங்கள் அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அந்த ஒன்று அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது.

பிறகு அக்காவின் கை ஓரத்துக்கு வந்தது. புது வெள்ளைத் துணி. மூலையைத் தேடியது. மஞ்சளைக் கண்டது. மற்ற மூலையையும் இழுத்துப் பார்த்தார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

"மஞ்சள் வைச்சது ஆர்?"

நான் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. நான்தானே வைத்தேன்? அதுவும் எவ்வளவு சமயோசிதமாக! ஆனால் அக்காவின் கண்ணைப் பார்த்தேன். நான் என்று சொன்னால் படலை எனக்கு மட்டும்தான் திறக்கும். அவள் வெளியில்தான் நிற்பாள்.

"அவள்தான் அக்கா" என்றேன்.

என் ஆயுளில் நான் செய்த ஒரு வேலையை இன்னொருவர் பேரில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"வேதக்காரப் பிள்ளையோ மஞ்சள் வைச்சது?" அக்கா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இருமினார். "மஞ்சள் வைக்கத் தெரிஞ்ச பிள்ளையை ஏன்டா இவ்வளவு காலமும் எனக்குக் காட்டாமல் வைச்சிருந்தனி?"

"கூட்டிக்கொண்டு வாறன் அக்கா" என்றேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய இரண்டு பேரும் பஸ் ஏறினோம். மஞ்சள் விஷயத்தை மனைவியிடம் பஸ்ஸில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அவள் முன்னால், நான் பின்னால். இறங்கி நடந்தபோது அவள் பயத்தில் ஒன்றும் கேட்கிற நிலையில் இல்லை. படலையைத் திறந்து உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முற்றத்தில் கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. வெயில் அதற்குப் பின்னாலிருந்து அடித்தது. செம்மண்ணும் பச்சை இலையும் ரோசாப் பூவும் கண்ணாடி போல ஒளிர்ந்தன. நாலு மூலையிலும் நடுவிலும் மஞ்சள் இல்லை. சிவப்பு. நல்ல இரத்தச் சிவப்பு.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். ஆலாத்தி எடுக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். துணி தோய்க்கிற சவுக்காரம் பட்டாலும் அப்படித்தான். அக்கா கஞ்சியைப் போர்வையில் ஊற்றிவிட்டாராம். மருமகள் சவுக்காரம் போட்டுக் கசக்கி, சரியாக அலசாமல் கொடியில் போட்டிருக்கிறாள். இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. இல்லை என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், பின்னால் தெரிந்துகொண்டபோது என் மனைவிக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நிமிஷம் அவள் கண்டது மஞ்சளையோ சவுக்காரத்தையோ இல்லை. நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். உதடு "ஐஞ்சு" என்று அசைந்தது.

வேம்புக்குக் கீழே சாக்குக் கட்டிலில் எழும்பி இருந்த அக்கா கூப்பிட்டார். "வா பிள்ளை. நீ ஆசையாய் வைச்ச மஞ்சள். இந்தக் குரங்கு சவுக்காரத்தைப் போட்டுச் சிவக்கப் பண்ணிப்போட்டாள்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பொய் வராது. நான் வைக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும்.

"சிவந்தது நல்லதுக்குத்தான் மச்சாள்" என்றாள். போய் அக்காவின் பக்கத்தில் இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழிய, இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் ஊசி நூல் பையை எடுத்தாள். கொடியிலிருந்து போர்வையை இறக்கி மடியில் போட்டு, சிவந்த இடத்தின் மேல் சிவப்பு நூலால் தைக்கத் தொடங்கினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"மஞ்சள் வெய்யிலுக்குப் போயிடும் மச்சாள். போகாமல் பிடிச்சு வைக்கிறன்."

"ஓம், பிடிச்சு வை" என்று அக்கா மற்ற மூலையை இறுக்கிப் பிடித்துக் கொடுத்தார். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் துணியைப் பிடிக்க, வாய்க்குள் செபமாலையோடு ஒருத்தி தைத்தாள். அக்கா இடையில் "உந்தப் பூவை எங்கை கண்டனி?" என்று கேட்டார். "உங்கடை தம்பிதான் விடியப்புறம் போய்ப் பாத்துக்கொண்டு வந்தவர்" என்றாள். அதையாவது சொன்னாளே.

திரும்பி வரும்போது சந்தியில் வைத்துக் கேட்டாள். "மஞ்சள் நீங்களோ வைச்சது?"

சொன்னேன். கோடிக் கதையைச் சொன்னேன். அண்ணையின் வாயைச் சொன்னேன்.

"மூலைக்கு வைச்சது சரி. நடுவிலை ஏன்?"

"சும்மா. விரலிலை மிஞ்சி இருந்தது."

"ஆண்டவற்றை கையிலை இரண்டு, காலிலை இரண்டு, விலாவிலை ஒண்டு. விலாவிலை இருந்து தண்ணியும் வந்ததாம். நீங்கள் வைச்சது கிணத்திலை."

"எனக்கு உதொண்டும் தெரியாது. கை தானாய்ப் போனது."

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் கை என்னைக் கேட்காமல் ஒரு வேலையும் செய்ததில்லை. கடையை ஏன் கட்டினேன், கிணற்றை ஏன் அந்த இடத்தில் வெட்டினேன், எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருக்கிறது. அந்த ஐந்தாவதற்கு மட்டும் இருபது வருஷமாகத் தேடுகிறேன், காரணம் இல்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் வழக்கமான இடத்தில்தான் நின்றேன். சட்டை முதுகுகளுக்கு மேலே அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். பீடத்துக்கு மேலே தொங்குகிறவருடைய காயங்களை எண்ணினேன். பிறகு முழங்காலில் நின்றேன். தலையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்க அவ்வளவு காலம் எடுத்தது.

அக்கா அந்த வருத்தத்திலிருந்து எழும்பினார். அதற்குப் பிறகும் பல மாரிகள் அந்தப் போர்வைக்குள் படுத்தார். கடைசி வரைக்கும் சைவந்தான். வருகிறவர்களிடமெல்லாம் மூலையைத் தூக்கிக் காட்டி, "தம்பியின்ரை பெண்சாதி மஞ்சள் வைச்சு அனுப்பினவள்" என்பார். நான் பக்கத்தில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மரக்கறிக்கார அண்ணை கூட அந்த ஒன்றில் மட்டும் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு மருமகள் போர்வையை என் மனைவியிடம் கொண்டுவந்து கொடுத்தாள். மாதர் சபையினர் கண்டார்கள், கேட்டு வாங்கினார்கள்.

போன திருவிழாவில் புதுச் சுவாமியார் அந்தப் போர்வையைப் பற்றிப் பிரசங்கமே வைத்தார். ஒரு தாயின் ஊசி ஐந்து காயங்களையும் தொட்டது என்றார். பூசை முடிய நான் நேரே போனேன். "சுவாமி, நூலுக்கு அடியிலை மஞ்சள் கிடக்கு. அது நான் வைச்சது."

"ஐயா, கிணறும் நீங்கள், கடையும் நீங்கள், இப்ப திருக்காயமும் நீங்களோ?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "எழுதுங்கோவன். மச்சாள் இப்ப இல்லைத்தானே. இனி ஆரும் படலையைச் சாத்தப் போறதில்லை."

அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த திருவிழாவில் போர்வைக்குப் பக்கத்தில் ஒரு மட்டை வைத்து, எல்லாரும் வாசிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். தைத்தவள் என் மனைவி. அதில் ஒரு இழை கூட எனக்கு வேண்டாம். துண்டுத் துணி என் கடையினது, வளவு என் வாய்ச் சொல், பூவின் நிறம் நான் பனியில் போய்ப் பார்த்து வந்தது. மூலைகளில் சிவப்பு நூலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நாலும் என் கையால் நான் யோசித்து வைத்தவை. சந்தேகம் என்றால் ஒரு மூலையில் நூலைப் பிரித்துப் பாருங்கள். திரும்பத் தைத்துத் தர நான் இருக்கிறேன்.

நடுவில் உள்ளதை நான் கேட்கவில்லை. அதை யாருடைய பேரில் எழுதவேண்டுமோ எழுதுங்கள். அந்த நாலையும் என் பேரில் எழுதுங்கள்.